ஓட்டமா, இரும்பா? – பி.ரி. மாஸ்டர் பதில்கள்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ராகம்தான். "முன்பு உடற்பயிற்சி செய்தேன் சேர், இடையில் விட்டுப்போச்சு, இப்போது வயிறு வைத்துவிட்டது." விட்ட காரணம்தான் ஆளுக்கு ஆள் வேறு. கலியாணம், பிள்ளை, வேலை, நோன்பு, டெங்கு. ஒருவர் மட்டும் "காரணம் ஒன்றுமில்லை, சோம்பல்" என்று எழுதியிருந்தார். அவருக்கு என் தனி வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் என் தகரக் கொட்டகை ஜிம்முக்கு வருகிற முப்பது பேரில் அப்படி வாயைத் திறந்து சொல்கிற ஆள் ஒன்றுகூட இல்லை.

முதற் கடிதம் நீளம். பதிலும் நீளம். அதிலேயே மற்றவர்களுக்கான விடையும் பாதி இருக்கிறது.

கேள்வி: வயது 34. லீசிங் கொம்பனி ஒன்றில் வெளிக்கள உத்தியோகத்தர். கலியாணத்துக்கு முன் ஊர்க் கழகத்தில் உதைபந்தாட்டம், கிழமைக்கு நாலு நாள் ஜிம். இரண்டரை வருடமாக எல்லாவற்றையும் விட்டிருந்தேன். 72 கிலோவாக இருந்தவன் இப்போது 86. மூன்று கிழமைக்கு முன் திரும்பத் தொடங்கினேன். தினமும் விடிய கல்லடிக் கடற்கரையில் இறங்கி, கரையோரமாக நாவற்குடாப் பக்கம் ஓடி, மெயின் றோட்டால் திரும்பி வருவேன். மொத்தம் 5 கிலோமீற்றர். பின்னேரம் ஜிம், அதுவும் தினமும். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. இடது முழங்காலின் வெளிப்பக்கம் நோகிறது. கூட்டாளி, "முதல்ல ஓடிக் கொழுப்பக் கரை, மறுகா வெயிட் அடிக்கலாம்" என்கிறான். ஜிம்மில் உள்ளவரோ, "ஓட்டத்தை விடு, இருக்கிற தசையும் கரைஞ்சு போகும்" என்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது? – பெயர் வேண்டாம், கல்லடி

பதில்: தம்பி, முதலில் முழங்காலைப் பார்ப்போம். மற்றதெல்லாம் காத்திருக்கும், அது காத்திருக்காது.

அலை வந்து நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில் ஓடச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மணல் மட்டமாக இல்லை, கடலைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. நீங்கள் தெற்கே ஓடுகிறீர்கள், கடல் இடப்பக்கம். ஒவ்வொரு எட்டிலும் இடது கால் வலது காலைவிடப் பள்ளத்தில் விழுகிறது. அதே கரையால் திரும்பி வந்தாலாவது வலது காலுக்கும் பங்கு போகும். நீங்கள் றோட்டால் திரும்புகிறீர்கள். ஒவ்வொரு நாளும் ஆயிரம் தடவைக்கு மேல் ஒரே கால் பள்ளத்தில் இறங்குகிறது. அதற்கு மேல் 86 கிலோ. முழங்காலின் வெளிப்பக்கம் நோகாமல் என்ன செய்யும்? இரண்டு கிழமை ஓட்டத்தை நிறுத்துங்கள், மட்டமான இடத்தில் நடவுங்கள். வீக்கம் இருந்தாலோ, படி இறங்கும்போது கால் பிசகுவது போல இருந்தாலோ, இரண்டு கிழமை கழிந்தும் நோவு அப்படியே நின்றாலோ டொக்டரிடம் காட்டுங்கள். நான் பி.ரி. மாஸ்டர், எலும்பு டொக்டர் இல்லை.

இனி உங்கள் கேள்வி. கூட்டாளி சொன்னதில் பாதி சரி, ஜிம்காரர் சொன்னதில் பாதி சரி. ஆனால் உங்கள் சிக்கல் இரண்டிலும் இல்லை. உங்கள் மூளைக்கு 72 கிலோக்காரனின் உடம்புதான் ஞாபகம் இருக்கிறது. கட்டளை போடுவது அவன், சுமப்பது 86 கிலோக்காரன்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் இதே வேலையைச் செய்தவன். ஏழெட்டு வருடத்துக்கு முன் மோட்டார் சைக்கிளால் விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்து பதினொரு மாதம் சும்மா இருந்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு "மெல்ல மெல்ல ஏற்று" என்று கத்திய மனுசன், திரும்பி வந்த முதல் நாளே இரும்புப் பாரைத் தோளில் வைத்து 80 கிலோவோடு குந்தி எழும்பினேன். விபத்துக்கு முன் தூக்கிய அதே 80. ஏறியது, அதுதான் விசேசம். தசைக்குப் பழைய வேலை நன்றாகவே ஞாபகம் இருந்தது. நாலு செட் அடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் பின்னேரத்திலிருந்து நாலு நாள் குந்த முடியவில்லை. எங்கள் வீட்டில் குந்தும் கக்கூசுதான். சுவரில் ஒரு கை, கதவுப் பிடியில் ஒரு கை, நடுவில் நான். வெளியே நின்று என் அம்மா, எண்பது வயதில், "என்ன மனே, உள்ள யாரோட சண்ட?" என்று கேட்டார்.

சிரிக்கலாம், ஆனால் இதில் சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. நீண்ட நாள் விட்டுவிட்டு ஒரேயடியாக உடம்பை அடித்துப்போட்டால், சிலருக்குத் தசை உடைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். தாங்க முடியாத தசை நோவோடு, சலம் தேயிலைச் சாயம் போலக் கறுத்துப் போனால் வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, எடை ஏன் குறையவில்லை? மூன்று கிழமையில் கொழுப்பு கொஞ்சம் குறைந்தும் இருக்கலாம். புதிதாக அடிவாங்கிய தசை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தராசு இரண்டையும் கூட்டித்தான் காட்டும். ஆனால் உங்கள் கதையில் வேறொன்றும் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். நீங்கள் வெளிக்கள உத்தியோகத்தர். நம் ஊரில் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். கடன் கேட்டு வந்தவர் என்றாலும் சரி, கடன் கட்டச் சொல்லி வந்தவர் என்றாலும் சரி. ஒரு நாளைக்கு ஏழு வீடு, ஏழு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்று வையுங்கள். கரண்டிக்கு 4 கிராம், மொத்தம் 56 கிராம். வெறும் சீனியில் மட்டும் 220 கலோரிக்கு மேல். பால்மாவை நான் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. ஓட்டத்துக்கு ஒரு கிலோமீற்றருக்கு, உடம்பின் ஒரு கிலோவுக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி போகும். 86 கிலோ, 5 கிலோமீற்றர், 430 கலோரி. விடிய நாலரைக்கு எழும்பி, முழங்காலை உடைத்துக்கொண்டு ஓடியதில் பாதி, அன்றைக்கே தேத்தண்ணிக் கோப்பைக்குள் போய்விட்டது. "சீனி வருத்தம் வருதாம் அக்கா, டொக்டர் சீனி வேண்டாமெண்டவர்" என்று ஒரு பொய் சொல்லுங்கள். எல்லா வீட்டிலும் உடனே விளங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சீனி வருத்தக்காரர் இருக்கிறாரே.

கொழுப்பு குறைவதை முடிவு செய்வது சாப்பாட்டுக் கோப்பைதான். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. அதை ஓட்டத்தால் மட்டும் கரைக்க உங்கள் எடைக்குத் தொண்ணூறு கிலோமீற்றர் ஓட வேண்டும். பட்டிப்பளை போய்த் திரும்பினாலும் பத்தாது.

அப்படியானால் இரும்பு எதற்கு? சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு கொழுப்பை மட்டும் எரிக்காது, தசையிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கிழமைக்கு இரண்டு மூன்று நாள் பாரம் தூக்கினால் "இது வேலைக்குத் தேவைப்படுகிற தசை, இதில் கை வைக்காதே" என்று உடம்புக்குச் சொன்ன மாதிரி. ஓட்டமும் நடையும் செலவைக் கூட்டும், இருதயத்தையும் மூச்சையும் திருப்பித் தரும். அதனால்தான் கூட்டாளி சொல்கிற "முதலில் ஓட்டம், மறுகா வெயிட்" எனக்குப் பிடிக்கவில்லை. ஓடி மெலிந்து, தசையையும் இழந்து, மறுகா அதைக் கட்ட இன்னொரு வருடம். இரண்டு வேலை.

ஜிம்காரருடைய பயமும் வெறுமனே வந்ததில்லை. 1980இல் றொபேர்ட் ஹிக்சன் என்கிற அமெரிக்க ஆய்வாளர் மூன்று குழுக்களை வைத்துப் பத்துக் கிழமை பார்த்தார். ஒரு குழு கிழமைக்கு 5 நாள் பாரம். ஒரு குழு 6 நாள் ஓட்டமும் சைக்கிளும். மூன்றாவது குழு அத்தனையையும் சேர்த்துச் செய்தது. அந்த மூன்றாவது குழுவின் கால் பலம் ஏழு கிழமை அளவுக்கு ஏறி, பிறகு நின்று, கடைசியில் இறங்கத் தொடங்கியது. தம்பி, நீங்கள் உங்களுக்குப் போட்டிருக்கிற அட்டவணை கிட்டத்தட்ட அந்த மூன்றாவது குழுவின் அட்டவணைதான். ஆனால் அதைக் கொண்டு ஓட்டமே கூடாது என்று தீர்ப்புச் சொன்னால் அது பிழை. அளவோடு செய்தால் இரண்டும் ஒரே உடம்பில் சண்டையில்லாமல் இருக்கும்.

என் கொட்டகையில் திரும்பி வருகிறவர்களுக்கு நான் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். முதல் இரண்டு கிழமை, கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் இரும்பு. ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவது), டெட்லிஃப்ட் (பாரை நிலத்திலிருந்து தூக்கி நிமிர்வது), நெஞ்சால் தள்ளுவது ஒன்று, முதுகால் இழுப்பது ஒன்று, தலைக்கு மேல் தூக்குவது ஒன்று. இந்த ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் இரண்டு செட், ஒரு செட்டுக்குப் பத்துத் தடவை. எவ்வளவு பாரம்? ஞாபகத்தில் உள்ளதில் பாதி. பெரிய பார் வெறுமனே 20 கிலோ, சிலருக்கு அதுவே போதும். பத்தாவது தடவை முடிந்ததும் "இன்னும் மூன்று நாலு அடிக்கலாமே" என்று இருக்க வேண்டும். அந்த மூன்று நாலை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். தசை வேகமாகத் திரும்பும், ஆனால் தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கிற நாண்கள் அவ்வளவு வேகமில்லை. பலம் வந்துவிட்டது என்று நாம் துள்ளுகிற நாலாம் ஐந்தாம் கிழமையில்தான் நாரியும் தோள்மூட்டும் பிடிக்கிறது. மற்ற நாட்களில் அரை மணித்தியாலம் நடை. கூட வருகிறவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்.

மூன்றாம் கிழமையிலிருந்து திங்கள், புதன், வெள்ளி இரும்பு. மூன்று செட். பத்தும் சுளுவாக வந்தால் அடுத்த முறை இரண்டரை கிலோ கூட்டுங்கள், வராவிட்டால் அப்படியே வையுங்கள். செவ்வாயும் சனியும் நாற்பது நிமிடம் நடை அல்லது சைக்கிள். மிச்ச நாட்களிலும் கொஞ்சம் கால் ஆடட்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வளர்ந்தவர்களுக்குச் சொன்னது கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. அதன் கீழ்க்கோட்டுக்கு நீங்கள் இப்படியே வந்துவிடுவீர்கள்.

ஆறாம் கிழமை, முழங்கால் சத்தம் போடாவிட்டால், சனிக்கிழமை விடியக் கல்லடிப் பழைய பாலத்துக்கு வாருங்கள். 1924இல் கட்டிய பாலம். 2013இல் பக்கத்தில் புதியது திறந்த பிறகு பெரிய வாகனத் தொல்லை போய்விட்டது. நீளம் முந்நூறு மீற்றர் அளவு, மட்டம், வாவிக் காற்று. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வேகமாக, திரும்பி வரும்போது ஆறுதலாக நடந்து. அது ஒரு சுற்று. முதல் நாள் நாலு சுற்று. மூச்சு வாங்கினால் கைபிடியில் சாய்ந்து நின்று, தூண்டில் போடுகிறவரிடம் மீன் பட்டதா என்று கேளுங்கள். எட்டாம் கிழமைக்குப் பிறகு இருபது நிமிட ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவரலாம், கிழமைக்கு இரண்டு தடவை. ஸ்குவாட் நாளுக்கு முதல் நாள் ஓடாதீர்கள். ஒரே நாளில் இரண்டும் என்றால் முதலில் இரும்பு, பிறகு ஓட்டம். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று பிரிக்க முடிந்தால் இன்னும் நல்லது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலை ஆறரைக்குப் பிறகு ஓடவே வேண்டாம். அது காற்றில்லை, அடுப்பு.

சாப்பாட்டில் சோற்றை எதிரியாக்க வேண்டாம். கோப்பையில் சோற்றைக் கால்வாசி குறைத்து அந்த இடத்தில் மீனை வையுங்கள். சூரை மீன் நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு புரத மா டப்பாவுக்கு மாதம் பல ஆயிரம் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வாவியைக் காட்டத் தோன்றும். உங்கள் அளவு ஆளுக்கு ஒரு நாளில் 110, 120 கிராம் புரதம் போதும். காலையில் பாணும் பருப்பும் என்றால் இரண்டு முட்டையைச் சேருங்கள், பாணில் இரண்டு துண்டைக் குறையுங்கள். முட்டித் தயிர் சாப்பிடலாம், மேலே ஊற்றுகிற பாணிதான் வேண்டாம். இரவு கொத்துரொட்டிப் பார்சலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒன்று. எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். சனிக்கிழமை விடியச் சலம் போய்விட்டு வந்து, சாப்பிட முதல், எடையையும் தொப்புளுக்கு நேரே இடுப்பளவையும் எழுதுங்கள். கிழமைக்கு அரைக் கிலோ இறங்கினால் சந்தோசப்படுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் தசை போகிறதோ என்று பார்க்க வேண்டும். எடை நின்று இடுப்பு குறைந்தால் சரியான பாதை. நம் தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் என்பது எச்சரிக்கைக் கோடு, பெண்களுக்கு 80.

கேள்வி: நான் ஆசிரியை, வயது 41. முன்பு தினமும் நடப்பேன், சின்னவன் பிறந்ததோடு விட்டு ஐந்து வருடம். பத்துக் கிலோ குறைக்க வேண்டும். வெயிட் தூக்கினால் ஆம்பிளை உடம்பு வந்துவிடும் என்கிறார்கள். எங்கள் பக்கம் பெண்கள் போகிற ஜிம்மும் இல்லை. றோட்டில் நடந்தால் பார்க்கிறார்கள். "உனக்கென்னத்துக்கு இந்த விளையாட்டு" என்கிறார் கணவர். – களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, ஆம்பிளை உடம்பு அவ்வளவு சுளுவாக வருமென்றால் என் கொட்டகையில் ஆறு வருடமாக வருகிற ஆம்பிளைகளுக்கு முதலில் வந்திருக்கும். பெண்களின் உடம்பில் தசையைப் பருக்க வைக்கிற ஹோர்மோன் ஆண்களோடு பார்த்தால் மிகக் கொஞ்சம். பாரம் தூக்கினால் உடம்பு இறுகும், பருக்காது. நாற்பதுக்குப் பிறகு உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மாதவிடாய் நிற்கிற காலத்தில் எலும்பு தேயத் தொடங்கும். எலும்புக்குப் பாரம் பட்டால்தான் அது தன்னைக் கட்டிக்கொள்ளும். நடை மட்டும் அதற்குப் போதாது.

ஜிம் வேண்டாம். உங்கள் குசினியிலேயே ஜிம் இருக்கிறது. ஐந்து லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்று ஐந்து கிலோ. இரண்டு கானை இரண்டு கையிலும் பிடித்து, தோளைத் தொங்க விடாமல் வளவைச் சுற்றி நடவுங்கள். முதல் நாள் மூன்று சுற்று. கிணற்றடியிலிருந்து தண்ணீர் சுமந்த நம் அம்மாமார் செய்ததும் இதுதான், அவர்கள் அதற்குப் பேர் வைக்கவில்லை. பிறகு கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருப்பது, பத்துத் தடவை. அது பழகியதும் மகனுடைய புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதையே செய்யுங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பை நல்ல பாரம், அதில் ஒரு நன்மை இதுதான். சுவரில் கை வைத்துத் தள்ளுவது, பத்து. ஐந்து கிலோ அரிசிப் பையை நிலத்திலிருந்து, முதுகை வளைக்காமல், இடுப்பை மடித்துத் தூக்கி வைப்பது, பத்து. இப்படி மூன்று சுற்று. இருபத்தைந்து நிமிடம், கிழமைக்கு மூன்று நாள். எல்லாம் சுளுவானதும் பத்துக் கிலோப் பை வாங்கலாம், வீட்டுக்கும் மலிவு.

தும்மும்போதோ தூக்கும்போதோ சலம் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பிள்ளை பெற்ற பலருக்கு உள்ள விசயம், பிசியோதெரபியில் அதற்குப் பயிற்சி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பாரத்தைக் கூட்டுங்கள்.

நடைக்கு றோட்டு எதற்கு? பள்ளிக்கூடம் விட்டதும் மைதானம் சும்மாதான் கிடக்கிறது. கூடப் படிப்பிக்கிற இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று ரீச்சர்மார் சேர்ந்து நடந்தால் அது விடுப்புப் பார்க்கிற காட்சி இல்லை, கூட்டம். அரை மணித்தியாலம் ஒரேயடியாகக் கிடைக்காவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் உடம்பு கணக்கில் எடுக்கும்.

கணவருக்கு: தம்பி, அந்த இரண்டு கானையும் நீங்கள் ஒருக்கால் தூக்கி வளவைப் பத்துத் தடவை சுற்றிவிட்டு வாருங்கள். விளையாட்டா இல்லையா என்று பிறகு கதைப்போம்.

கேள்வி: நோன்பு மாதம் முழுக்க ஜிம்முக்குப் போகவில்லை. பெருநாள், விருந்து என்று இன்னும் பத்து நாள். நாற்பது நாள் விட்டால் வருடக் கணக்கில் செய்தது எல்லாம் போய்விடுமா? வயது 27. – காத்தான்குடி

பதில்: போகாது தம்பி. முதலில் இறங்குவது மூச்சு. இரண்டு மூன்று கிழமையிலேயே ஓடும்போது தெரியும். பலம் அவ்வளவு வேகமாகப் போகாது, நாற்பது நாளில் கொஞ்சம்தான். கண்ணாடியில் தசை சுருங்கியது போலத் தெரிவதில் பாதி, தசைக்குள் இருந்த மாச்சத்தும் தண்ணீரும் குறைந்ததுதான். சாப்பாடு சீரானதும் அது திரும்பி நிரம்பும். முதல் கிழமை முன்பு தூக்கியதில் மூன்றில் இரண்டு பங்கு, செட் பாதி. மூன்றாம் கிழமை பழைய அளவைத் தொடலாம். ஓட்டம், சைக்கிள் மாதிரி மூச்சு வாங்குகிற கார்டியோவுக்கு மட்டும் கொஞ்சம் கூடப் பொறுமை காட்டுங்கள். புரியாணியையும் வட்டிலப்பத்தையும் ஓடி எரிக்கப் பார்க்காதீர்கள், அந்தக் கணக்கு மேலே இருக்கிறது. விருந்து முடிந்தால் முடிந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வருடத்துக்கு ஒரு யோசனை. நோன்பு இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்த பிறகு கிழமைக்கு இரண்டு நாள், நாற்பது நிமிடம், குறைந்த செட். இருப்பதைக் காப்பாற்ற அவ்வளவு போதும். தேடுவதற்குத்தான் நிறைய வேண்டும்.

கேள்வி: வயது 63. பென்சன்காரன். சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது, குளிசை போடுகிறேன். ஒரு காலத்தில் சைக்கிளிலேயே ரவுனுக்குப் போய் வந்தவன். கட்டாரிலுள்ள மகன் சைக்கிள் மெசின் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறான். இதை எப்படித் தொடங்குவது? – கொக்கட்டிச்சோலை

பதில்: அண்ணன், முதலில் அதில் காயப்போட்டிருக்கிற சாரத்தை எடுங்கள். கோபிக்க வேண்டாம். இந்த மெசின் இருக்கிற வீடுகள் நிறையப் பார்த்தவன் நான்.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். குளிசைகளில் சிலதும் இன்சுலினும் பயிற்சியின்போது சீனியைச் சட்டென்று இறக்கும். உங்களுடையது அந்த வகையா என்று கேளுங்கள். சட்டைப்பையில் இரண்டு டொபி இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் நிறுத்திவிட்டு வாயில் போடுங்கள். நெஞ்சு இறுகினால் டொபி இல்லை, ஆஸ்பத்திரி. வெறும் காலோடு மிதிக்க வேண்டாம், சப்பாத்துப் போடுங்கள், முடிந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். சீனிக்காரர் பலருக்குக் காலில் காயம் பட்டாலும் தெரியாது.

பத்து நிமிடத்தில் தொடங்கிக் கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்து மிதித்தால் சாப்பாட்டோடு ஏறுகிற சீனிக்கும் கடிவாளம். இரும்பு உங்களுக்கும் வேண்டும், ஏனென்றால் சீனியை வாங்கி வைக்கிற பெரிய களஞ்சியம் தசைதான். மேலே தங்கச்சிக்குச் சொன்ன கதிரைப் பயிற்சியும் சுவர்ப் பயிற்சியும் கிழமைக்கு இரண்டு நாள் செய்யுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் பிரஷர் ஏறும். எழும்பும்போது வாய்விட்டு எண்ணுங்கள், எண்ணுகிறவனால் மூச்சைப் பிடிக்க முடியாது.

கேள்வி: வயிற்றில் பொலித்தீன் சுற்றிக்கொண்டு ஓடினால் வயிற்றுக் கொழுப்பு உருகுமா? – அக்கரைப்பற்று

பதில்: உருகாது. வியர்வை போகும், இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்ததும் அந்த எடை திரும்பி வரும். நம் வெயிலில் அப்படி ஓடினால் மயங்கி விழவும் கூடும். கொழுப்பு எங்கிருந்து முதலில் போவது என்பதை உடம்புதான் தீர்மானிக்கும், பொலித்தீன் இல்லை. வாங்கியதைக் கழுவிக் காயப்போட்டு வையுங்கள். மாரி மழையில் ஓடிவிட்டு வரும்போது சப்பாத்தைச் சுற்றி எடுத்துவர உதவும்.